இலைக்கணக்கு

"ஏம்மா, உனக்குக் கீழ எத்தனை பேரு வேலை பாக்குறாங்க?"

அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரரின் மகன் பெங்களூரில் மேனேஜராம், அவனுக்குக் கீழே பன்னிரண்டு பேராம். அம்மாவுக்கும் ஓர் எண் வேண்டும். எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்போது ஐந்து அணிகளில் இருந்த நாற்பது பேர் தினமும் காலையில் என் எக்செல் தாளைத் திறந்து பார்த்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார்கள். யார் எதை எந்த நாளில் சோதிக்க வேண்டும், எந்தப் பிழை யாரிடம் நிற்கிறது, எது முடிந்தால் எது தொடங்கும் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருந்தது. ஆனால் அவர்களில் ஒருவர்கூட எனக்குக் கீழே இல்லை. ஒருவருக்கு ஒரு நாள் லீவு கொடுக்கக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது.

"யாரும் இல்லம்மா" என்றேன்.

"அப்ப நீ என்னதான் பாக்குற?"

"எல்லாரையும் கோஆர்டினேட் பண்றேன்."

"அப்படின்னா?"

"கல்யாண வீட்டுல நீ பாப்பேல்ல, அது."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுக்கா இவ்வளவு படிச்ச?" என்றாள்.

*

நான் செய்வது மென்பொருள் சோதனை. ஊரில் கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர்ல தப்புக் கண்டுபிடிக்கிற வேலை" என்று சொல்லிவிடுவேன். எழுதி முடித்த ஒரு மென்பொருள் செய்ய வேண்டியதைச் செய்கிறதா, செய்யக் கூடாததைச் செய்யாமல் இருக்கிறதா என்று அது மக்கள் கைக்குப் போகும் முன் பார்க்கும் வேலை. 2006இல் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்த ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். பயிற்சி முடிந்து, யார் எந்தப் பிரிவுக்கு என்ற பட்டியல் வந்தபோது, என்னோடு சேர்ந்த பெண்களில் பாதிக்கு மேல் டெஸ்டிங்கில் இருந்தோம். "பொண்ணுங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி, டெஸ்டிங் நல்லா வரும்" என்றார் பயிற்சி கொடுத்தவர். பாராட்டு என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். பொறுமைக்குச் சம்பளச் சீட்டில் தனி வரி கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடித்திருக்கிறது. எல்லாரும் சரியாக இருக்கிறது என்று சொல்லும் ஒன்றில் "இங்கே இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்று கேட்பதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அந்தக் கேள்விக்கு வேறு பெயர்: வாய்.

எட்டு வருடம் கழித்துப் பிரிட்டனில் உள்ள ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கான திட்டத்தில் போட்டார்கள். அவர்களுடைய பழைய கணினி அமைப்பை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். பாலிசி, பிரீமியம் வசூல், இழப்பீடு, கடிதம் அச்சிடுதல், வாடிக்கையாளருக்கான இணையதளம் என ஐந்து அணிகள். மூன்று அணிகள் எங்கள் நிறுவனத்துடையவை, இரண்டு வேறு நிறுவனங்களுடையவை. ஒவ்வோர் அணியும் தன் பகுதியைத் தானே சோதித்துக்கொள்ளும். ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் வீடு மாறி, இணையதளத்தில் புது முகவரியைக் கொடுத்தால், அது பாலிசிக்குப் போய், புது வீட்டுக்கு ஏற்பப் பிரீமியம் மாறி, வங்கிக்குப் போகும் கோப்பு மாறி, கடிதம் அச்சாகி அவர் கைக்குச் சேர வேண்டும். இந்த முழுப் பாதையையும் பார்ப்பது யார்? அது எல்லா அணிகளுடைய வேலை. அதனால் எந்த அணியும் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த இடத்தில்தான் என்னை நிறுத்தினார்கள். "நீங்க கொஞ்சம் கோஆர்டினேட் பண்ணிக்கோங்க" என்றார் திட்டத் தலைவர். அந்தக் "கொஞ்சம்" என்ற சொல்லைப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் காபி போடு. கொஞ்சம் குழந்தையைப் பார்த்துக்கோ.

கொஞ்சம் என்பது இவ்வளவு. ஐந்து அணிகளுக்கும் இருந்தது ஒரே ஒரு முழுமையான சோதனைச் சூழல், நாங்கள் என்விரான்மென்ட் என்போம். அதை யார் எந்த நாளில் பயன்படுத்துவது என்று நாள் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஒரு அணி உருவாக்கிய சோதனைத் தரவை இன்னொரு அணி அழித்துவிடாமல் பார்க்க வேண்டும். இந்திய நேரம் மாலை ஏழு மணிக்குப் பிழைகளைப் பங்கு பிரிக்கும் கூட்டம். அதில் "இது எங்க பிழை இல்லை" என்று பாலிசி அணி சொல்லும், "எங்களுக்கு வந்த தரவே தப்பு" என்று வசூல் அணி சொல்லும். இரண்டு பேரும் கோபித்துக்கொண்டு போய்விடாமல், ஒருவர் தோற்றதாக இன்னொருவர் நினைக்காமல், பிழையை ஒருவர் பெயரில் எழுதி முடிக்க வேண்டும். ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதிய நூலில், வேலைக்காக உணர்ச்சிகளைக் கட்டி மேய்ப்பதும் உழைப்புதான் என்று அதற்கு ஒரு பெயர் கொடுத்தார். உணர்ச்சி உழைப்பு. அந்த ஏழு மணிக் கூட்டத்தில் நான் செய்தது பாதிக்கு மேல் அதுதான். கூட்டம் முடிந்து நிலை அறிக்கை எழுதிக் கம்பெனி வண்டி பிடித்துப் பள்ளிக்கரணையில் வீடு சேரும்போது மகள் தூங்கியிருப்பாள்.

அதே திட்டத்தில் இழப்பீட்டு அணியில் எட்டுப் பேரைக் கொண்டு ஒருவர் சோதனை நடத்தினார். அவர் பதவியின் பெயர் டெஸ்ட் மேனேஜர். என்னுடையது டெஸ்ட் கோஆர்டினேட்டர். எங்கள் இரண்டு பேருக்கும் அனுபவம் ஒரே அளவு. அவர் நல்ல மனிதர், என் நண்பர். இதை அவர் மீது குறையாகச் சொல்லவில்லை.

*

இந்த இரண்டு பெயர்களுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவிகளுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

சோதனையை நிர்வகிப்பவர் முதலில் தீர்மானிக்கிறார்: எதைச் சோதிப்பது, எதை விடுவது, எந்த ஆபத்துக்கு முதலிடம். அதற்கு எத்தனை பேர், எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுக் கேட்கிறார். எந்த நிலையில் சோதனையைத் தொடங்கலாம், எந்த நிலையில் முடிந்ததாகச் சொல்லலாம் என்ற நிபந்தனைகளை வைக்கிறார். நாள் குறைந்தால் எதை வெட்டுவது என்று முடிவெடுத்து, அதன் விளைவை மேலே இருப்பவர்களுக்குச் சொல்கிறார். ஒருங்கிணைப்பவரோ, மற்றவர்கள் தீர்மானித்தவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் பார்க்கிறார். நாள்காட்டி, சூழல், தரவு, கூட்டம், நினைவூட்டல், அறிக்கை.

ஒருங்கிணைப்பு தாழ்ந்த வேலை இல்லை. பல நிறுவனங்கள் கைகோத்துச் செய்யும் பெரிய திட்டத்தில் அதுதான் கடினமான வேலை. ஒவ்வோர் அணிக்கும் தனி மேலாளர் இருந்து, மோதல் வந்தால் முடிவெடுப்பவர் யார் என்பதும் எழுதப்பட்டிருந்தால், இடையில் நிற்கும் ஒருங்கிணைப்பாளர் கௌரவமாக வேலை செய்யலாம். சிக்கல் எங்கே என்றால், முடிவெடுக்கும் நாற்காலி காலியாக இருக்கும்போது, அதன் வேலையை ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்துவிட்டு நாற்காலியை மட்டும் கொடுக்காமல் இருப்பதில்.

2012இல் ஐஎஸ்டிகியூபி என்ற சர்வதேசச் சான்றிதழின் அடிப்படைத் தேர்வை எழுதினேன். நாங்கள் படித்தது அதன் 2011ஆம் ஆண்டுப் பாடத்திட்டம். அதில் சோதனைத் தலைவரின் பணிகள் வரிசையாக இருக்கும். அந்தத் தலைவரைச் சில இடங்களில் மேனேஜர் என்றும் கோஆர்டினேட்டர் என்றும் அழைப்பார்கள் என்று ஒரு வரியும் இருக்கும். ஆக, பாடப்புத்தகத்தில் இரண்டும் ஒரே ஆள். தேர்வில் அதைச் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கினேன். அலுவலகத்தில்தான் அவை இரண்டு ஆட்கள். இரண்டு சம்பளப் படிகள். எங்கள் தளத்தில் கோஆர்டினேட்டர் என்ற பெயர் தாங்கியவர்களை ஒருநாள் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர். ஏழு பேரும் பெண்கள்.

*

முழுப் பாதைச் சோதனைக்கு மூன்று வாரம் வைத்திருந்தோம். மென்பொருள் எழுதும் வேலை தள்ளிப்போய் எங்களுக்கு மிஞ்சியது எட்டு நாள். வெளியீட்டுத் தேதி மட்டும் அசையவில்லை. எந்தச் சோதனைகளை விடலாம் என்று மூன்று பட்டியல் தயாரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள ஆபத்தை எழுதி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. நேரில் கேட்டபோது, "எல்லாமே முக்கியம்தான், எப்படியாவது மேனேஜ் பண்ணுங்க" என்றார் திட்டத் தலைவர். மேனேஜ் என்ற சொல் என் வேலையோடு சேர்ந்து வந்தது அன்று ஒருநாள்தான்.

பிரீமியம் வசூல் அணி வேறு நிறுவனத்தைச் சேர்ந்தது. அவர்கள் தங்கள் பகுதிச் சூழலை இரண்டு நாள் இன்னொரு வாடிக்கையாளரின் அவசர வேலைக்குத் திருப்பிவிட்டார்கள். அந்த இரண்டு நாளில்தான் வங்கிக் கோப்புச் சோதனைகள் இருந்தன. அவர்கள் அணித் தலைவரை அழைத்தேன். மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க உங்களுக்கு ரிப்போர்ட் பண்றதில்லையே." அவர் சொன்னது உண்மை. அவருக்கு ரிப்போர்ட் என்ற சொல் அதிகாரம், எனக்கு அது தினமும் இரவு ஒன்பது மணிக்கு அனுப்பும் ஒரு மெயில்.

பதினான்கு சோதனைகள் செய்யப்படாமல் நின்றன. அவற்றில் ஒன்று, பிரீமியம் வசூலாகும் அதே நாளில் வாடிக்கையாளர் தன் பாலிசியை மாற்றினால் என்ன ஆகும் என்பது. அறிக்கையில் அந்தப் பகுதிக்குச் சிவப்பு வைத்தேன். எங்கள் அறிக்கைகளில் பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனிக்க வேண்டும், சிவப்பு என்றால் ஆபத்து. மறுநாள் காலை திட்டத் தலைவரிடமிருந்து திரும்பி வந்தபோது அது மஞ்சளாகியிருந்தது. "சிவப்பு பாத்தா கிளையண்ட் பயந்துடுவாங்க. நீங்கதான் எல்லார்கிட்டயும் நல்லாப் பேசுவீங்களே, முடிச்சிடுவீங்கன்னு நம்பிக்கை இருக்கு." மாலையில் வாடிக்கையாளர் நிறுவனத்துக்குப் போன விளக்கப்படத்தில் அது பச்சை. வெளியே பச்சை, வெட்டினால் சிவப்பு. தர்பூசணி அறிக்கை என்று எங்கள் துறையில் இதற்குப் பெயரே உண்டு.

நான் மெயில் எழுதினேன். பதினான்கு சோதனைகள், அவற்றின் பெயர், செய்யாததற்குக் காரணம், வரக்கூடிய விளைவு. அதற்கும் பதில் இல்லை. சனிக்கிழமை வெளியீடு. எல்லாரும் பீட்சா சாப்பிட்டோம். என்னை மேடைக்கு அழைத்து, "இவங்க கோஆர்டினேஷன் இல்லேன்னா இது நடந்திருக்காது" என்று கைதட்டினார்கள்.

அடுத்த வார நடுவில், வசூல் நாளன்றே பாலிசியை மாற்றியவர்களின் வங்கிக் கணக்குகளிலிருந்து இரண்டு முறை பணம் போனது. மாத முடிவில் கையிருப்பு குறைந்தவர்களுக்கு இரண்டாவது முறை போகும் பணம் சிறிய விஷயம் இல்லை. வேறு கட்டணங்கள் திரும்பியிருக்கும், வங்கி அபராதம் போட்டிருக்கும். பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. மன்னிப்புக் கடிதங்கள் அச்சாகிப் போயின. அந்தக் கடிதங்களின் அச்சுச் சோதனையையும் நான்தான் ஒருங்கிணைத்தேன்.

பிறகு, காரணம் ஆராயும் கூட்டம். பதினோரு பேர். திரையில் காரணம் ஒரே வரியில் இருந்தது: சோதனை ஒருங்கிணைப்பில் இடைவெளி.

என் மெயிலைத் திறந்து காட்டினேன். தேதி, நேரம், பதினான்கு வரிகள். சற்று அமைதி. பிறகு ஒருவர் சொன்னார்: "மெயில் போட்டா மட்டும் போதுமா? ஃபாலோ அப் பண்ணியிருக்கணும் இல்லையா?"

அந்த அறையில் இருந்த எவரும் கெட்டவர் இல்லை. அதைச் சொன்னவர் என் மகளின் பிறந்தநாளுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர். ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் இருந்த கணக்கு எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நடந்தால், எல்லாரும் சேர்ந்து நடத்தியது. நடக்காவிட்டால், ஒருங்கிணைப்பவள் விட்டது.

*

அன்றிரவு வண்டியில் வரும்போது அக்காவின் கல்யாணம் நினைவுக்கு வந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. கோவில்பட்டியில் ஒரு மண்டபம். மூன்று மாதமாக அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். சமையல்காரரிடம் கொடுத்த சாமான் பட்டியல், பாத்திர வாடகை, எந்த ஊர்ச் சொந்தம் எந்தப் பேருந்தில் வந்து இறங்கும், யாரை யாரோடு ஒரே அறையில் தங்க வைக்கக் கூடாது, மாப்பிள்ளை வீட்டில் யாருக்குச் சர்க்கரை இல்லாத காபி, எல்லாம் அதில். அவள்தான் அந்தக் கல்யாணத்தை நடத்தினாள். அழைப்பிதழில் அழைப்பவர் பெயர் பெரியப்பாவுடையது.

இலைக்கணக்கைப் பெரியப்பாதான் சொன்னார். அறுநூறு இலை போதும். அம்மா, "இல்ல மாமா, எண்ணூறாவது வேணும், நம்ம பக்கமே நானூறு தாண்டும்" என்று கதவோரம் நின்று சொன்னாள். அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா, "அண்ணன் சொல்றாருல்ல" என்றார். முகூர்த்தம் முடிந்து மூன்றாவது பந்தியில் பாயசம் தீர்ந்தது. நான்காவது பந்தியில் சாம்பாரில் வெந்நீர். பெரியப்பா எல்லார் முன்னிலையிலும் அம்மாவைக் கேட்டார்: "உள்ள நின்னு நீ என்னதான் பாத்த?"

அம்மா பதில் சொல்லவில்லை. அந்த நோட்டில் எண்ணூறு என்று அவள் கையெழுத்தில் இருந்தது எனக்குத் தெரியும், நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டல் போட்டுக் கொடுத்தேன். அவள் நோட்டை எடுத்துக் காட்டவில்லை. நான் பதினேழு வருடம் கழித்து மெயிலைத் திறந்து காட்டினேன். இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரே பதில்.

தீர்மானிக்கிறவர் ஒருவர், பற்றாக்குறைக்குப் பதில் சொல்கிறவர் இன்னொருவர். இந்த ஏற்பாட்டைக் குடும்பம் நமக்குச் சின்ன வயதிலேயே பழக்கிவிடுகிறது. அதனால்தான் அலுவலகத்தில் அது வரும்போது நமக்குப் புதிதாகத் தெரிவதில்லை. "உங்களுக்கு இயல்பாவே வருது" என்கிறார்கள். இயல்பாக வருவதற்குப் பதவி உயர்வு எதற்கு?

*

இது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. 1946 பிப்ரவரியில் அமெரிக்காவில் எனியாக் என்ற கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அதற்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். ஒயர்களைச் செருகியும் விசைகளைத் திருப்பியும்தான் அன்று நிரல். காட்சி நாளன்று எல்லாரையும் வியக்கவைத்த கணக்கை அமைத்தவர்கள் இரண்டு பெட்டிகளும்தான். அன்றிரவு நடந்த விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை. இயந்திரத்தைக் கட்டியது அறிவு, அதை ஓடவைத்தது எடுபிடி வேலை என்று எண்ணினார்கள்.

எனக்கு இன்னும் நெருக்கமான கதை மார்கரெட் ஹாமில்டனுடையது. நிலவுக்குப் போன அப்போலோ விண்கலங்களின் மென்பொருளை எழுதிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். இரவிலும் வார இறுதியிலும் வேலை இருந்தால் சின்ன மகள் லாரனையும் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போவார். ஒருநாள் அந்தக் குழந்தை விளையாட்டாக விசைகளை அழுத்த, ஒத்திகைக் கணினி நின்றுபோனது. பறந்துகொண்டிருக்கும்போது, புறப்படுவதற்கு முன் ஓட வேண்டிய நிரலைக் குழந்தை தொடங்கிவிட்டாள். ஒரு விண்வெளி வீரரும் இப்படி அழுத்தக்கூடும், தடுக்க ஒரு வழி வைக்கலாம் என்றார் ஹாமில்டன். வீரர்கள் அப்படித் தவறு செய்யாத அளவுக்குப் பயிற்சி பெற்றவர்கள் என்று மறுத்துவிட்டார்கள். அவரால் முடிந்தது, ஆவணத்தில் ஓர் எச்சரிக்கை எழுதி வைப்பது. 1968 டிசம்பரில், அப்போலோ 8 பயணத்தில், ஜிம் லவல் அதே தவறைச் செய்தார். வழிகாட்டும் தரவு அழிந்தது. போராடி மீட்டார்கள்.

இந்தக் கதையை எல்லாரும் குழந்தைக்காகச் சொல்வார்கள். நான் அந்த எச்சரிக்கைக் குறிப்புக்காகச் சொல்கிறேன். முடிவெடுக்கும் உரிமை இல்லாதபோது அறிவு ஆவணத்தில் ஒரு வரியாகத்தான் நிற்கும். ஹாமில்டனுக்குப் பிறகு அந்தத் தடுப்பை வைக்க அனுமதி கிடைத்தது. 2016இல் அமெரிக்காவின் உயரிய குடிமக்கள் விருதும் கிடைத்தது. அவரிடம், "நீங்கள் ஏன் ஃபாலோ அப் செய்யவில்லை?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்ப ஆசைப்படுகிறேன்.

*

அந்த வருட அப்ரைசலில் டெஸ்ட் மேனேஜர் பதவி கேட்டேன். "டைட்டில்ல என்னங்க இருக்கு? வேலை அதேதானே" என்றார் மேலதிகாரி.

"அப்படின்னா குடுத்துடுங்க" என்றேன்.

அவர் சிரித்தார், கொடுக்கவில்லை. ஆனால் அந்த உரையாடலில் எனக்கே ஒன்று தெளிந்தது. வெளியீட்டை நிறுத்தும் உரிமை எனக்கு வேண்டியதில்லை. அது வணிகத்தை நடத்துகிறவர்களின் முடிவு. ஆபத்து தெரிந்தும் வெளியிட அவர்களுக்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம். எனக்கு வேண்டியது, ஆபத்து தெரிந்துதான் வெளியிடுகிறோம் என்பதற்கு அவர்கள் பெயர். இலையை அறுநூறு என்று வைக்கட்டும். வைத்தது யார் என்று நோட்டில் இருக்க வேண்டும்.

அடுத்த திட்டத்துக்கு அழைத்தபோது நான்கு கேள்விகளை எழுதி அனுப்பினேன். இப்போதும் இளம்பெண்கள் கேட்டால் இந்த நான்கையும் சொல்கிறேன். நாள் குறைந்தால் எதை விடுவது என்று முடிவெடுப்பது யார்? இரண்டு அணிகள் மோதினால் எத்தனை மணி நேரத்துக்குள் யார் தீர்ப்பார்? என் அறிக்கையின் நிறத்தை மாற்ற யாருக்கு உரிமை, மாற்றினால் காரணத்தோடு அவர் பெயர் அதில் வருமா? செய்யாமல் விட்ட சோதனைகளின் ஆபத்தை ஏற்றுக் கையெழுத்திடுவது யார்? நான்குக்கும் "நீங்கள்" என்று பதில் வந்தால், பதவியின் பெயர் என்னவாக இருந்தாலும் நீங்கள் மேலாளர். அதற்கான சம்பளத்தைக் கேளுங்கள். வேறொருவர் பெயர் வந்தால், நீங்கள் ஒருங்கிணைப்பாளர், நிம்மதியாக ஒருங்கிணையுங்கள். எந்தப் பெயரும் வராவிட்டால், அதுதான் இலைக்கணக்கு.

முதலில் "ரொம்ப ஃபார்மலா போறீங்க" என்றார்கள். ஆறேழு மாத இழுபறிக்குப் பிறகு அறிக்கையும் கையெழுத்தும் பற்றிய இரண்டுக்கு ஒப்புக்கொண்டார்கள். டெஸ்ட் மேனேஜர் என்ற பெயர் அதற்கும் ஒரு வருடம் கழித்து வந்தது. அம்மாவிடம் சொல்ல ஓர் எண்ணும் கிடைத்தது: ஒன்பது பேர்.

*

இங்கேயே முடித்திருந்தால் எனக்கு நல்லது. ஆனால் இதையும் சொல்ல வேண்டும்.

அந்த ஒன்பது பேரில் ஒரு பெண் நான்கு வருட அனுபவத்தோடு வந்தாள். கூட்டக் குறிப்புகளை அழகாக எழுதுவாள். யாரிடம் எது நிலுவை என்று கேட்காமலே நினைவில் வைத்திருப்பாள். மூன்று அணிகளுக்கு இடையில் ஒரு சிக்கல் வந்தபோது யோசிக்காமல் சொன்னேன்: "நீ கொஞ்சம் கோஆர்டினேட் பண்ணிடும்மா."

அவள் சரி என்றாள். இரண்டு மாதம் செய்தாள். ஒருநாள் மதியச் சாப்பாட்டில் கேட்டாள்: "அக்கா, அந்த மூணு டீமோட டெஸ்ட் பிளான் நான்தானே எழுதினேன். ரிவ்யூ மீட்டிங்ல நீங்க பேசுறீங்க, நான் மினிட்ஸ் எழுதுறேன். அடுத்த தடவை மாத்திக்கலாமா?"

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதவோரம் நின்றவளின் மகள் நான். திண்ணையில் உட்கார்ந்து இலைக்கணக்குச் சொல்ல எனக்கும் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பதவி கிடைத்தால் பெண் தானாக மாறிவிடுவதில்லை. நாற்காலிக்கு என்று ஒரு பழக்கம் இருக்கிறது, உட்காருகிறவருக்கு அது ஒட்டிக்கொள்கிறது.

அடுத்த கூட்டத்தில் அவள் பேசினாள், நான் குறிப்பு எழுதினேன். மோசமாகத்தான் எழுதினேன், பழக்கம் விட்டுப்போயிருந்தது. மூன்று அணிகளின் சோதனைக்கும் அவளே பொறுப்பு என்று எல்லாருக்கும் மெயில் அனுப்பினேன். நான்கு கேள்விகளுக்கும் பதில் அதில் இருந்தது.

வெளியீட்டுக்கு மூன்று நாள் முன்பு அவள் அறிக்கையில் ஒரு பகுதிக்குச் சிவப்பு வைத்திருந்தாள். திட்டத் தலைவர் என்னை அழைத்தார். "அந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் பேசி மஞ்சளாக்கச் சொல்லுங்களேன்."

"அறிக்கை அவங்களோடது சார். அவங்ககிட்டயே கேளுங்க."

அவர் கேட்டார். அவள் மாற்றவில்லை. அரை மணி நேரம் பேசினார்கள். கடைசியில் வெளியிடலாம் என்று அவர் முடிவெடுத்தார். அது அவர் உரிமை. சிவப்புக்குப் பக்கத்தில், ஆபத்தை ஏற்பவர் என்ற கட்டத்தில், அவர் பெயரும் தேதியும் வந்தன.

அந்த முறை எந்தப் பிழையும் வெளிவரவில்லை. இலை போதுமானதாக இருந்தது. அவள் அந்த அறிக்கையைப் பிரிண்ட் எடுத்துத் தன் மேசையில் வைத்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.